வீட்டுக்கும் டிராக்குக்கும் ஒரே கார்: புதியவர்களுக்கான விளக்கம்

காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இருந்துகொண்டு, வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை மோட்டார் ஓடுதளத்தில் கார் ஓட்ட ஆசைப்படுகிறவர் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எத்தனை குதிரைத்திறன் வேண்டும்?" என்பதைத்தான். அந்தக் கேள்வியைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வையுங்கள். வண்டி எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்று கேளுங்கள். பிரேக், டயர், ஆயில், கியர்பாக்ஸ் என்று டிராக்கில் எது கெட்டாலும் பெரும்பாலும் சூட்டினால்தான் கெடும். எடை குறைந்த வண்டியில் சூடும் குறைவு. கார் தேர்வின் முக்கால் பங்கு இதிலேயே அடங்கிவிடுகிறது.

டிராக் டே என்பது பந்தயம் கிடையாது. ஏற்பாட்டாளர்கள் ஓடுதளத்தை ஒரு நாளைக்கு எடுத்து, கட்டணம் வாங்கிக்கொண்டு, நம் சொந்தக் காரை அதில் ஓட்ட விடுவார்கள். 15 முதல் 20 நிமிடம் வரையிலான செஷன்களாகப் பிரித்து, ஒரே அளவு அனுபவம் உள்ளவர்களை ஒன்றாக அனுப்புவார்கள். முந்துவது பொதுவாக நேர்ப்பாதையில் மட்டும், அதுவும் முன்னால் போகிறவர் கை காட்டி வழிவிட்ட பிறகு. பரிசும் கிடையாது, முதலிடமும் கிடையாது. உரிமம், ஹெல்மெட், ஒழுங்கான கார் இருந்தால் போதும்.

தமிழ்நாட்டில் இதற்கு நன்கு அறியப்பட்ட இரண்டு இடங்கள் உண்டு. கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே, பந்தய வீரரும் வடிவமைப்பாளருமான கரிவர்தன் பெயரில் 2003-ல் திறக்கப்பட்டது, நீளம் 2.1 கிமீ. சென்னைக்கு வெளியே இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் ஓடுதளம் 1990-லிருந்து இருக்கிறது, 3.717 கிமீ. காரைக்குடியிலிருந்து கோவை 300 கிமீக்குச் சற்று முன்பின், இருங்காட்டுக்கோட்டை 400 கிமீயை ஒட்டி வரும். தொடங்குகிறவருக்குக் கோவையே நல்லது. பாதை சிறியது, நேர்ப்பாதைகளும் குட்டை, 80, 90 குதிரைத்திறன் காருக்கே அங்கே வேலை நிறைய இருக்கும். இருங்காட்டுக்கோட்டையில் நேர்ப்பாதை நீளம் அதிகம் என்பதால் வேகம் ஏறும், வளைவுக்கு முன் பிரேக்கும் அதிகம் சுடும்.

இன்னொன்றையும் சேர்த்து யோசிக்க வேண்டும். டிரெய்லரில் ஏற்றிப் போகிற கார் இல்லை இது. காலையில் ஓட்டிப்போய், நாளெல்லாம் சுற்றி, அதிலேயே ஊர் திரும்ப வேண்டும். திங்கட்கிழமை அதே காரில் ஆச்சியைப் பிள்ளையார்பட்டிக்குக் கூட்டிப்போகவும் வேண்டும். ஆகவே தரையோடு தாழ்த்திய ஸ்பிரிங், கல் மாதிரி சஸ்பென்ஷன் எல்லாம் இங்கே கணக்கில் வராது. நம் ஊர் வேகத்தடைகளில் முதல் வாரமே அடிப்பக்கம் இடிக்கும்.

எடையும் சூடும்

1,000 கிலோ எடையுள்ள கார் 140 கிமீ வேகத்தில் வந்து, வளைவுக்கு முன் 60 கிமீக்குக் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு பிரேக்கில் சுமார் 600 கிலோஜூல் ஆற்றல் சூடாக மாறுகிறது. அதில் பெரும்பங்கு முன் டிஸ்க்குகளுக்குத்தான், அதாவது சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டுகளுக்குத்தான் போகும். இரண்டு டிஸ்க்கும் சேர்ந்து 9 கிலோ இருந்தால், ஒரே அழுத்தில் அவற்றின் வெப்பம் ஏறத்தாழ 100 டிகிரி ஏறிவிடும். ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடுகிறது. அடுப்பிலிருந்து இறக்கிய பணியாரக் கல் எவ்வளவு நேரம் சூட்டைப் பிடித்துவைத்திருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும், டிஸ்க்கும் வார்ப்பிரும்புதான். அதே வேகத்தில் 1,300 கிலோ வண்டி வந்தால் ஆற்றல் 800 கிலோஜூலுக்குப் போய்விடும். டயருக்கும் இதே கதிதான்: பக்கவாட்டில் இழுபடும் எடை கூடினால் ஓரங்கள் வேகமாகத் தேயும்.

எஸ்யூவி வேண்டாம் என்பதற்கும் இதுதான் முதல் காரணம். எடை அதிகம், எடையின் மையமும் உயரத்தில். உயரமான வண்டிகளை அனுமதிக்காத ஏற்பாட்டாளர்களும் உண்டு. டீசல் ஹேட்ச்பேக் நெடுஞ்சாலைக்கு அருமையான வண்டி, ஆனால் கனமான எஞ்சின் முன்சக்கரங்களுக்கு மேல் உட்கார்ந்திருப்பதால் திருப்பினாலும் மூக்கு நேராகவே போகப் பார்க்கும். வீட்டில் டீசல் ஏற்கெனவே இருந்தால் முதல் டிராக் டேக்கு அதிலேயே போகலாம். இதற்கென்று தேடி வாங்குகிறீர்கள் என்றால் பெட்ரோலாகவே வாங்குங்கள்.

எந்தக் கார்?

எங்கள் முதல் பரிந்துரை 2018 முதல் 2024 தொடக்கம் வரை வந்த மாருதி ஸ்விஃப்ட் 1.2 பெட்ரோல், மேனுவல் கியர். எடை 855 முதல் 880 கிலோ, திறன் 83 பிஎஸ் (குதிரைத்திறன் அளவு). 2021-ல் அது 90 பிஎஸ் ஆனது. எல்லா வேரியண்டிலும் ஏபிஎஸ்ஸும் (அழுத்தி மிதித்தாலும் சக்கரம் பூட்டாமல் காக்கும் பிரேக் அமைப்பு) இரண்டு ஏர்பேக்கும் உண்டு. பிரேக் பேடு (டிஸ்க்கைப் பிடித்து நிறுத்தும் உராய்வுப் பட்டை), வீல் பேரிங், லோயர் ஆர்ம் எது தேவைப்பட்டாலும் காரைக்குடியிலேயே கிடைக்கும், எந்த மெக்கானிக்குக்கும் வண்டி பழக்கம். இதற்கு முந்தைய, 2011-ல் வந்த ஸ்விஃப்ட்டும் நல்ல சேஸிஸ்தான். ஆனால் அதன் கீழ் வேரியண்டுகளில் ஏபிஎஸ் கிடையாது. ஏபிஎஸ் இருக்கிற வண்டியாகப் பார்த்து எடுக்க வேண்டும். புதிதாக ஓட்டுகிறவர் பயத்தில் பிரேக்கை முழுதாக மிதிப்பது சகஜம். அப்போது சக்கரம் பூட்டிக்கொண்டால் ஸ்டீயரிங் சொன்னபடி கேட்காது.

கையில் இன்னும் கொஞ்சம் பணம் இருந்தால் பலேனோ ஆர்எஸ் தேடலாம். 2017 முதல் 2019 வரை வந்தது, 1 லிட்டர் டர்போ, 102 பிஎஸ், 950 கிலோ, நான்கு சக்கரத்திலும் டிஸ்க். சந்தையில் குறைவாகவே வரும். ஃபோக்ஸ்வாகன் போலோவில் 2020 முதல் 2022 வரை விற்ற 1.0 டிஎஸ்ஐ ஆறு கியர் மேனுவல் 110 பிஎஸ் தரும். உடல்கட்டு உறுதி, ஸ்டீயரிங் துல்லியம். எடை ஸ்விஃப்ட்டைவிட 200 கிலோ அளவுக்குக் கூடுதல் என்பதால் பேடும் டயரும் அதற்கேற்பச் செலவாகும், உதிரிபாகமும் விலை அதிகம். ஹூண்டாய் ஐ20 என் லைன் 120 பிஎஸ், நான்கு டிஸ்க், நல்ல கார்தான். ஆனால் அந்த விலையில் "செலவு குறைவான" என்ற வார்த்தைக்கு இடமில்லை.

ஃபோர்டு ஃபீகோவையும் பழைய ஃபியஸ்டா 1.6-ஐயும் ஓட்டத் தெரிந்தவர்கள் இன்றும் மெச்சுவார்கள். அந்தப் பாராட்டு நியாயமானது. ஆனால் ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்திய உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. நம் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு சில பாகங்களுக்காகக் காத்திருக்க வேண்டிவரும். ஃபியட் அபார்த் புன்டோவுக்கு 145 குதிரைத்திறன் உண்டு, பார்க்கவும் ஆசையாக இருக்கும், பாகப் பிரச்சினை அதற்கு இன்னும் அதிகம். வீட்டுக்கு இருக்கிற ஒரே காராக அதை வாங்க வேண்டாம்.

திறனை எடையால் வகுத்துப் பாருங்கள். டன்னுக்கு ஸ்விஃப்ட் சுமார் 95 பிஎஸ், போலோ 100, பலேனோ ஆர்எஸ் 107. விளம்பரத்தில் தெரிகிற வித்தியாசம் இந்தக் கணக்கில் எவ்வளவு சுருங்குகிறது என்று தெரியும்.

கியர் விஷயத்தில் மேனுவல்தான். ஏஎம்டி (கிளட்சும் கியரும் தானாக மாறும் மேனுவல் கியர்பாக்ஸ்) கியர் மாற்றும்போது ஒரு நொடி இழுவையை விடும். வளைவின் நடுவில் அது நடந்தால் முன்சக்கரத்தின் பிடிப்பு திடீரென மாறும். சிவிடி (கியர் படிகள் இல்லாத ஆட்டோமேடிக்) நீண்ட நேரம் முழு ஆக்சிலேட்டரில் ஓடினால் அதன் ஆயில் சூடேறி, வண்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் திறனைக் குறைத்துவிடும். போலோ ஜிடி 1.2 டிஎஸ்ஐயில் இருக்கும் ஏழு கியர் டிஎஸ்ஜி (இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேடிக்), ஆயிலில் நனையாத டிரை கிளட்ச் வகை. அது சூடேறினால் செலவு பெரிது.

ஊர் வீட்டில் நின்ற வண்டி

செட்டிநாட்டில் ஒரு தனி வகைப் பழைய கார் விற்பனைக்கு வரும். உரிமையாளர் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருப்பார். கார் ஊர் வீட்டு ஷெட்டில் நிற்கும். கல்யாணம், படைப்பு, கோயில் காரியம் என்று வரும்போது மட்டும் வெளியே எடுப்பார்கள். எட்டு வருட வண்டி, 18,000 கிமீதான் ஓடியிருக்கும், பெயிண்ட் பளபளக்கும். விலையும் நியாயமாகத் தோன்றும். உண்மையிலேயே நல்ல வண்டியாகவும் இருக்கலாம். ஆனால் நின்றே கிடந்த வண்டியை அப்படியே டிராக்குக்குக் கொண்டுபோகக் கூடாது.

டயரின் பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2317 என்றால் 2017-ன் 23-வது வாரத்தில் தயாரானது. பட்டன் முழுதாக இருந்தாலும் ஆறு வருடம் தாண்டிய டயரின் ரப்பர் இறுகிவிடும். சூடேறினால் துண்டு துண்டாகப் பிய்யும். நான்கையும் மாற்றும் செலவை விலையிலேயே கழித்துப் பேசுங்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் குணமுள்ளது, வண்டி ஓடினாலும் நின்றாலும் இழுக்கும். காலிப்பரின் (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பிடி) பின்கள் துருப்பிடித்து இறுகியிருக்கும். அப்போது ஒரு பக்கத்துப் பேடு மட்டும் தேய்ந்திருப்பதைச் சக்கரத்தைக் கழற்றினால் பார்க்கலாம். எலி கடித்த வயர், வெடித்த பெல்ட், தட்டினால் உடைகிற ஹோஸ் எல்லாம் பானெட்டுக்குள் டார்ச் அடித்துத் தேட வேண்டியவை. ஏர் ஃபில்டரைத் திறந்தால் செம்மண் படிந்திருப்பது இங்கே சாதாரணம், அதை மாற்றிவிட்டால் போதும்.

ரேடியேட்டரை மட்டும் கவனமாகப் பாருங்கள். போர் தண்ணீர் ஊற்றிய வண்டியில் கூலன்ட் நிறம் மங்கி, மூடியின் உள்பக்கம் வெள்ளையாகவோ பழுப்பாகவோ படிந்திருக்கும். உப்பு படிந்த ரேடியேட்டர் ஊருக்குள் தாங்கும், டிராக்கில் தாங்காது. காரைக்குடிச் சம்பை ஊற்றுத் தண்ணீர் குடிக்க எவ்வளவு இனிப்பானாலும் எஞ்சினுக்கு வேண்டாம். கம்பெனி சொன்ன கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் மட்டும்.

சென்னையிலிருந்து வரும் வண்டி என்றால் வெள்ளத்தில் நின்றதா என்று பார்ப்பது கட்டாயம். 2015-லும் 2023 டிசம்பரிலும் அங்கே ஏராளமான கார்கள் மூழ்கின. சீட் பெல்ட்டைக் கடைசிவரை வெளியே இழுத்துப் பாருங்கள். கழுவப்படாத அந்த அடிப்பகுதியில் சேற்றுக் கோடு தங்கியிருக்கும். சீட்டை முன்னே தள்ளி அதன் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா, ஸ்டெப்னி குழிக்குள் மண் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஏபிஎஸ் விளக்கு சாவியைப் போட்டதும் எரிந்து, சில நொடியில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் கோளாறை மறைக்க யாரோ அதைத் துண்டித்திருக்கலாம்.

ஓட்டிப் பார்க்கும்போது மூன்றாவது கியரில் 40 கிமீயிலிருந்து ஆக்சிலேட்டரை முழுதாக மிதியுங்கள். எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. காலி இடத்தில் ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பி மெதுவாக வட்டமடித்தால் டக் டக் என்று கேட்பது டிரைவ் ஷாஃப்ட் மூட்டு. வேகத்தோடு சேர்ந்து ஏறும் ஊளைச் சத்தம் பெரும்பாலும் வீல் பேரிங். முன்பக்க ஏப்ரனில் (எஞ்சின் அறையின் பக்கத் தகடு) தொழிற்சாலைப் புள்ளி வெல்டுகள் சீராக இல்லாமல் கையால் வெல்டு வைத்த தடம் இருந்தால், விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள். விபத்தில் வளைந்து நிமிர்த்திய உடலை வேகமான வளைவில் நம்ப முடியாது.

ஆர்சியில் உள்ள சேஸிஸ் எண்ணும் வண்டியில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும், கடன் பாக்கி பதிவு நீங்கியிருக்க வேண்டும். 15 வருடம் முடிந்த சொந்தக் காருக்கு எஃப்சி பார்த்துப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், அதன்பின் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. டிஎன் 63 வண்டி என்றால் அலைச்சல் சிவகங்கை மாவட்டத்துக்குள்ளேயே முடிந்துவிடும். மொத்தம் ஐந்து லட்சம் வைத்திருந்தால் நான்கை வண்டிக்குக் கொடுத்து ஒன்றைக் கையில் வையுங்கள். டயர், பேடு, பஷ் (சஸ்பென்ஷன் மூட்டு ரப்பர்), திரவங்கள் எல்லாம் அதிலிருந்துதான்.

முதலில் செய்ய வேண்டிய வேலை

எக்சாஸ்ட், எஞ்சின் மேப் (திறனைக் கூட்ட எஞ்சின் கணினியை மாற்றுவது) என்று தொடங்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்சியில் உள்ள தயாரிப்பாளரின் விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. கிளப்புகிற சூட்டைக் கூட்டிவிட்டு, தாங்கும் சக்தியை அப்படியே விடுவது தொழில்நுட்பமாகவும் தப்பு.

முதல் செலவு பிரேக் ஆயில். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தபட்சம் 205 டிகிரி. ஈரம் ஏறிய பிறகு 140 வரை இறங்கலாம். டாட் 4-க்கு இது 230-ம் 155-ம், டாட் 5.1-க்கு 260-ம் 180-ம். மூன்றும் ஒரே குடும்பம். டாட் 5 என்று மட்டும் எழுதியது சிலிகான் வகை, அதை ஊற்றவே கூடாது. உங்கள் கார் கையேடு அனுமதிக்கும் வகையில் நல்லதாகப் பார்த்து, ஒரு லிட்டர் வாங்கி, பழையது முழுக்க வெளியேறும்வரை நான்கு சக்கரத்திலும் பிளீடிங் செய்யச் சொல்லுங்கள். மேலே இருக்கும் டப்பாவில் மட்டும் உறிஞ்சி மாற்றினால் பயனில்லை. கொதிப்பது காலிப்பரில் இருக்கும் ஆயில்தான்.

இரண்டு விதமாகப் பிரேக் கைவிடும், வித்தியாசம் காலிலேயே தெரியும். பெடல் கெட்டியாக இருந்து வண்டி மட்டும் நிற்க மறுத்தால் பேடு சூடேறி உராய்வை இழந்திருக்கிறது. பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனால் ஆயில் கொதித்து ஆவிக்குமிழி வந்திருக்கிறது. இது மிக ஆபத்து. எதுவானாலும் பெடலை விட்டு விட்டு மிதித்து, கியரைக் குறைத்து, வேகத்தைக் கட்டுப்படுத்தி பிட்டுக்குள் (ஓடுதளத்தை ஒட்டி கார்கள் நிற்கும் பகுதி) வந்துவிட வேண்டும். பேடு புதிதில் 10 மிமீ அளவு இருக்கும். பாதிக்குக் கீழ் தேய்ந்ததோடு டிராக்குக்குப் போகாதீர்கள்; மெலிந்த பேடு சூட்டை நேராக ஆயிலுக்குக் கடத்தும்.

எஞ்சின் ஆயில் டிப்ஸ்டிக்கின் மேல் கோட்டில் இருக்க வேண்டும், கோட்டைத் தாண்டக் கூடாது. நீண்ட வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கும்போது, அளவு குறைந்திருந்தால் பம்ப் காற்றை இழுக்கும்; பேரிங்குகள் தேயச் சில நொடி போதும். பெட்ரோலும் அப்படித்தான்: கால் டேங்குக்குக் கீழ் போனால் வளைவில் எஞ்சின் விக்கும். டிராக்கில் லிட்டருக்கு 5, 6 கிமீதான் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டு, ஓடுதளத்துக்குப் பக்கத்துப் பங்கில் நிரப்பிக்கொண்டு உள்ளே போங்கள்.

அன்றைக்கு

ஸ்டெப்னி, ஜாக்கி, கால்மிதி, தண்ணீர் பாட்டில், டாஷ்போர்டு பிள்ளையார் எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிடுங்கள். பிரேக் பெடலுக்கு அடியில் உருண்டு வரும் பாட்டில் ஒன்று போதும் ஆபத்துக்கு. பருத்தி முழுக்கைச் சட்டை, அடி மெல்லிய ஷூ. இழுவை வளையம் காரில் இருக்கிறதா என்று முந்தின நாளே பார்த்து வையுங்கள்.

டயரில் குளிர்ந்த நிலையில் கம்பெனி சொன்ன காற்று இருந்தால் போதும். ஐந்தாறு சுற்றில் 4 முதல் 6 பிஎஸ்ஐ ஏறியிருக்கும். வெளியே வந்ததும் அளந்து, ஏறியதில் பாதியை வெளியேற்றிவிட்டு அடுத்த செஷனில் ஓட்டிப் பாருங்கள். டயரின் தரைப்பகுதியைத் தாண்டிப் பக்கச்சுவர் எழுத்துவரை தேய்ந்த தடம் வந்தால் காற்று குறைந்துவிட்டது. 2 பிஎஸ்ஐ ஏற்றுங்கள். முதல் செஷன் முடிந்ததும் வீல் நட்டுகளைக் கையேட்டில் உள்ள முறுக்கு (டார்க்) அளவுக்கு மறுபடி சரிபார்க்க வேண்டும்.

முதல் சுற்றில் டயரையும் பிரேக்கையும் சூடேற்றுங்கள். மூன்று நான்கு சுற்று நன்றாக ஓட்டுங்கள். பிறகு ஒரு முழுச் சுற்று பிரேக்கை அதிகம் தொடாமல் மெதுவாக வந்து ஆறவிட்டு உள்ளே வாருங்கள். மதியம் 38 டிகிரி வெயிலில் இதைச் சுருக்கவே கூடாது. டர்போ வண்டியாக இருந்தால் நிறுத்திய பிறகும் ஒன்றிரண்டு நிமிடம் ஐடிலில் ஓடட்டும். நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் போடாதீர்கள். எரிகிற சூட்டில் பேடோ டிரம் பிரேக்கின் ஷூவோ அழுந்திய இடத்தில் ஒட்டித் தடம் விடும், அதன்பின் ஒவ்வொரு பிரேக்கிலும் பெடல் துடிக்கும். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள்.

கொடிகளை டிரைவர் கூட்டத்தில் சொல்லித் தருவார்கள். மஞ்சள் என்றால் வேகத்தைக் குறைத்து, முந்தாமல் போக வேண்டும். சிவப்பு என்றால் செஷன் நின்றது, மெதுவாகப் பிட்டுக்குத் திரும்ப வேண்டும். நீலம் என்றால் பின்னால் வேகமான கார், வழிவிட வேண்டும். கறுப்பு உங்கள் எண்ணோடு காட்டினால் உள்ளே வரவேண்டும்.

இன்ஷூரன்ஸ் பற்றி ஏமாறாதீர்கள். சாதாரண மோட்டார் பாலிசியில் பந்தயம், வேகச் சோதனை போன்ற உபயோகம் விலக்கப்பட்டிருக்கும். ஓடுதளத்தில் சுவரில் மோதினால் பணம் உங்கள் கையிலிருந்துதான். நொறுங்கினால் தாங்கக்கூடிய விலையில் வண்டி வாங்குவதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை. திருச்சி சாலையில் "பழகிப் பார்க்கலாம்" என்ற எண்ணமும் வேண்டாம். அங்கே மாடு குறுக்கே வரும், எதிரே குடும்பத்தோடு பைக் வரும்.

கிளம்புவதற்கு முன் டயர் ஆறியபின் காற்றைச் சாலைக்கான அளவுக்கு ஏற்றுங்கள், ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் மறக்காமல் ஏற்றுங்கள். பேடு எத்தனை மிமீ மிச்சம் என்று சக்கரத்தின் இடுக்கு வழியாகப் பாருங்கள், பெடலை நான்கைந்து முறை மிதித்துக் கெட்டியாக நிற்கிறதா என்று சோதியுங்கள். பஞ்சு மாதிரி இருந்தால் அங்கேயே பிளீடிங் செய்துவிட்டுத்தான் 300 கிமீ பயணம். முன் டயரின் வெளி ஓரம் அதிகம் தேய்ந்திருந்தால், ஊர் வந்ததும் முன்னதைப் பின்னும் பின்னதை முன்னும் மாற்றி, அலைன்மெண்ட் பார்த்துவிடுங்கள்.